சுவரில் மண், பிளக் ஓட்டையில் மண், ஏசி குழாயில் மண்: குளவித் தொல்லைக்கு அறிகுறி வாரியாக வழி

போன சித்திரையில் அப்பாயி அறையில் மேசை விசிறியைப் போடப் போனேன். பிளக் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. அழுத்தினேன், ஆட்டிப் பார்த்தேன், வேறு பிளக்கைச் செருகிப் பார்த்தேன். டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. மேலே இருக்கும் பெரிய ஓட்டையை மண் வைத்து அடைத்து, விரலால் நீவிவிட்டதுபோல வழவழப்பாகப் பூசியிருந்தது. எங்கள் வாய்க்கால் கரை வண்டலின் அதே நிறம். ஈரம்கூட முழுதாகக் காயவில்லை.

அன்று சாயங்காலம் வீடு முழுக்கத் தேடினேன். மாடி ஏசியின் தண்ணீர் வடியும் குழாய், பின்கட்டில் சும்மா கிடந்த பழைய கேஸ் அடுப்பு, மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் பெட்டி, சாமி படங்களின் முதுகு, பரணில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவை. எல்லா இடத்திலும் அதே மண். அதன்பின் ஒரு வருடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டாதீர்கள். கூட்டில் கை வைப்பதற்கு முன்னால் அது யாருடைய கூடு என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில்: மண்ணா, காகிதமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஆபத்தில் முக்கால்வாசி விலகிவிடும்.

கூடு காகிதக் கூழால் செய்ததுபோல, வெளியே அலை அலையாகக் கோடு ஓடி, பந்து அளவிலோ பானை அளவிலோ தொங்கி, ஒரே வாசல் வழியாகப் பல பூச்சிகள் போய்வந்துகொண்டிருந்தால் அது கதண்டு. கடந்தை என்றும் சொல்வார்கள், செய்தித்தாளில் விஷ வண்டு என்று வரும். தென்னை, பனை, சன்ஷேட், ஆளில்லாத வீடு இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். கதண்டு கூட்டமாக வாழும், கூட்டைக் காக்கும், ஒன்று கொட்டத் தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த வழியும் அதற்குப் பொருந்தாது. புகை, தீப்பந்தம், மண்ணெண்ணெய், கல் எதையும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் சொல்லுங்கள். நம் ஊர்களில் இந்தக் கூடுகளை அகற்ற அவர்கள்தான் வருகிறார்கள்.

காம்பில் தலைகீழாகத் தொங்கும் தாமரைப் பொகுட்டு மாதிரி, திறந்த சிறு அறைகளோடு உள்ளங்கைக்குள் அடங்கும் கூடு காகிதக் குளவியுடையது. கதண்டு அளவுக்கு மூர்க்கம் இல்லை, ஆனால் அதுவும் கூட்டைக் காக்கும். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் தெரிந்த ஆளை வைத்து எடுங்கள்.

மண்ணால் கட்டியிருந்தால் மூச்சு விடலாம். பூச்சி ஒன்றே ஒன்றுதான், ஒரு தாய். உதவிக்கு வேலைக்காரக் கூட்டம் கிடையாது, கூட்டுக்குக் காவல் இருப்பதும் இல்லை. அதன் கொடுக்கு இரையை மயக்குவதற்கு. கையில் பிடித்து நசுக்கினாலோ, துணியில் சிக்கி உடம்போடு அழுந்தினாலோதான் நம்மைக் கொட்டும். வேட்டுவன், வேட்டுவாளி என்று பழையவர்கள் வைத்த பேர் அதன் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது.

மண் கூட்டிலும் மூன்று தினுசு உண்டு. சுவரில் ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி அடித்ததுபோல ஒரு கட்டி. உடைத்தால் உள்ளே விரல் நுனி அளவில் வரிசையாக அறைகள். இதைக் கட்டுவது கறுப்பு உடம்பும் மஞ்சள் பட்டைக் கால்களும், நூல் கோத்ததுபோல நீண்ட இடுப்பும் உள்ள குளவி. அறைகளில் அது அடைப்பது சிலந்திகளை. நம் பக்கத்தில் காணும் வகை ஒன்றின் அறிவியல் பெயரே நம் ஊர்ப் பெயர்தான்: செலிஃப்ரான் மெட்ராஸ்படானம். டென்மார்க் பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபெப்ரிசியஸ் 1781-ல் வைத்தது. (அதே காலத்தில் சென்னையில் இருந்து தமிழ் அகராதி தொகுத்த ஃபெப்ரிசியஸ் வேறொருவர்.) அதன் நெருங்கிய உறவு ஒன்றுக்குச் சோழமண்டலக் கரையின் பேர், கோரமண்டலிகம். மெட்ராஸ் பட்டணத்தின் பழைய பேர் இன்னும் மாறாமல் இருக்கும் சில இடங்களில் இந்தக் குளவியும் ஒன்று என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இரண்டாவது, கழுத்தும் விளிம்பும் வைத்த குட்டிப் பானை. குயவர் சக்கரத்தில் ஏற்றி இறக்கியதுபோல இருக்கும். இந்தப் பானைக் குளவி உள்ளே வைப்பது பச்சைப் புழுக்களை. "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று சொல்கிறோமே, அது இந்தக் கூட்டைப் பார்த்துப் பிறந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். குளவி புழுவைத் தூக்கிவந்து உள்ளே வைத்து மூடுவதையும், சில வாரம் கழித்து அதே மண்ணைத் துளைத்துக்கொண்டு குளவி வருவதையும் பார்த்தவர்கள் சொன்னது. பார்த்தது இரண்டுமே சரி. நடுவில், குளவி இட்ட முட்டை பொரிந்து, அந்தக் குஞ்சு மயங்கிக் கிடக்கும் புழுவைத் தின்று வளர்ந்ததை மண் மறைத்துவிட்டது.

மூன்றாவதுதான் வீட்டு ரிப்பேர்களுக்கெல்லாம் காரணம். சொந்தமாகக் கூடு கட்டாது. எங்கே ஓட்டை சும்மா கிடக்கிறதோ அதற்குள் முட்டையும் இரையும் வைத்து வாயை மண்ணால் பூசிவிடும். நீலமாக மினுக்கும் ஒன்று, மெலிந்த சிறு கறுப்பு ஒன்று, செம்பழுப்பில் தடித்த ஒன்று எனப் பல வகை. இனி இதை ஓட்டைக் குளவி என்றே எழுதுகிறேன்.

அறிகுறி: ஏற்கனவே கொட்டிவிட்டது

மண் குளவி ஒன்று கொட்டினால் சுரீரென்று வலிக்கும், வீங்கும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கொட்டியது விரலில் என்றால் மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது.

குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்துப் பூசும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. பொன்னுக்கு வீங்கிக்குக்கூடப் போடுவார்கள். தோல் கிழிந்த இடத்தில் தயவுசெய்து பூசாதீர்கள். மண்ணில் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கலாம்.

உதடு, கண், முகம் வீங்குவது, உடம்பு முழுக்கத் தடிப்பது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரே ஒரு கொட்டுதான் என்றாலும் 108-ஐ அழையுங்கள். கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த விஷம் தசையைச் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துக்கூடச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் குறைந்தாலோ, டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அறிகுறி: சுவரில், மூலையில் மண் கட்டி

எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளித் தாழ்வாரம், மோட்டார் ரூம் சுவர், மாட்டுக் கொட்டகை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு அறைக்கும் பத்துப் பன்னிரண்டு சிலந்தி பிடிக்கிற பூச்சி அது. பானைக் குளவியோ தோட்டத்துப் புழுவைக் குறைக்கிறது.

வீட்டுக்குள் என்றால் கூட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவில் வட்ட ஓட்டை இருந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது, அறை காலி. ஓட்டையே இல்லாமல் மூடியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்தில் வெளியே வரும், குளிரில் நாள் நீளும். ஓட்டை வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தாலோ, பச்சையும் நீலமுமாகத் தகடு போல ஜொலிக்கும் பூச்சி ஒன்று வெளியே வந்தாலோ பயப்பட வேண்டாம். அது மண் குளவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் இன்னொரு குளவி. நம்மை ஒன்றும் செய்யாது.

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரும் என்று நம்புகிற வீடுகள் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. "கைய வைக்காதப்பா, பேரப்புள்ளைக்குச் சேதி கொண்டு வந்துருக்கு" என்றார் அப்பாயி. நான் மறுத்துப் பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை. ஒரு மாதம் விட்டுவைத்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும், பிறகு வெறும் மண்ணைத்தான் எடுக்கிறோம். பெரியவர்கள் மனமும் நோகாது.

அவசரமாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பெயிண்டர் வைத்திருக்கும் பட்டித் தகட்டைச் சுவரோடு ஒட்டி வைத்து, கூட்டுக்கு அடியில் மெல்லத் தள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கூடு பெரும்பாலும் ஒரே துண்டாகக் கழன்று வரும். அதைக் கொட்டாங்குச்சியில் வைத்து, மழை படாமல், எறும்பு ஏறாமல் வெளியே கட்டித் தொங்கவிட்டால் குஞ்சுகள் பிழைத்துப் போகும். தாய் கூட்டில் தங்குவதில்லை. சாயங்காலத்துக்கு மேல் எடுத்தால் அதோடு எதிர்ப்படவும் வேண்டியிருக்காது.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். சுலபமாக வரட்டும் என்று முதலில் தண்ணீர் தெளித்தேன். வண்டல் கரைந்து வெள்ளைச் சுவரில் ஒரு முழத்துக்கு வழிந்து, அந்தச் சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. பெயிண்ட் சுவரில் எப்போதும் காய்ந்த நிலையில் சுரண்டி, காய்ந்த பிரஷால் தேய்த்து, மிச்சக் கறையைக் கடைசியில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, கிரானைட் என்றால் நேர்மாறு: நன்றாக ஊறவைத்துத் துடையுங்கள், காய வைத்துச் சுரண்டினால் கீறல் விழும்.

அறிகுறி: அலமாரிக்குப் பின்னால் பகலில் மட்டும் "ஙீ..." என்ற சத்தம்

ஈரமண்ணைப் பூசும்போது குளவி உடம்பை அதிரவைத்து அதைப் பரத்தும். அந்தச் சத்தம்தான். சில நொடி கேட்கும், நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கும், இருட்டினால் அறவே இருக்காது. ஸ்டெபிலைசரோ டியூப்லைட் சோக்கோ உறுமினால் இரவு பகல் பார்க்காது, அதை வைத்துப் பிரித்துவிடலாம். பல பூச்சிகள் ஒரே பொந்துக்குள் போய்வந்து சத்தம் இடைவிடாமல் கேட்டால் அது தேனீயோ வேறு கூட்டப் பூச்சியோ, நீங்களே திறக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேலை மிகச் சுலபம். ஒரு அறைக்கு இருபது முப்பது முறை மண் சுமந்து வரும். பாதியில் பார்த்தீர்களென்றால் ஈரமண்ணைத் துணியால் வழித்து எடுத்துவிட்டு அந்த இடத்தைத் துடையுங்கள். மறுபடி கட்டும், மறுபடி வழியுங்கள். இரண்டு மூன்று நாள் சளைக்காமல் செய்தால் பெரும்பாலும் வேறிடம் பார்த்துப் போய்விடும். இன்னும் முட்டை வைக்கவில்லை என்பதால் எதையும் கொல்லவும் இல்லை.

அறிகுறி: தரையில் அசையாத சிலந்திகள்

சுமந்து வரும்போது நழுவியவை, அல்லது மேலே கூடு உடைந்து விழுந்தவை. செத்ததுபோல இருக்கும், ஆனால் காலை இலேசாக அசைக்கும், விஷத்தில் மயங்கியிருக்கின்றன. அவை விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள், கூடு இருக்கும். பெருக்கிவிட்டால் போதும்.

அறிகுறி: பிளக் உள்ளே போகவில்லை, அல்லது போயும் ஆடுகிறது

என்னை இதை எழுத வைத்ததே இந்தப் பிரச்சினைதான். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆள் போகும்.

சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். கீழ் இரண்டு ஓட்டைகளுக்கும் பல சாக்கெட்டுகளில் உள்ளே ஒரு மூடி இருக்கும், எர்த் பின் நுழைந்தால்தான் அது விலகும். எப்போதும் திறந்து கிடப்பது எர்த் ஓட்டை மட்டும். அதனால் ஓட்டைக் குளவிக்கு அதுதான் வாகாக அமைகிறது. மண் அடைத்த ஓட்டையில் பிளக்கை அமுக்கிச் செருகிவிட்டால் விசிறி ஓடலாம், கிரைண்டர் சுற்றலாம். ஆனால் எர்த் பின் உலோகத்தைத் தொடாமல் மண்ணிலேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியிலோ வாட்டர் ஹீட்டரிலோ கசிவு வந்தால், மின்சாரம் எர்த் வழியாகப் போகாமல் தொட்டவர் உடம்பு வழியாகப் போகும். கீழ் ஓட்டைகளில் மண் சேர்ந்தாலோ பின் சரியாகப் பிடிக்காமல் சூடாகி, பிளக் உருகும்.

செய்ய வேண்டியது இது. சுவிட்சை அணைத்தால் போதாது, அந்த அறைக்கான எம்சிபியை (மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் சிறு சுவிட்ச்) இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். டெஸ்டரை ஓட்டையில் வைத்து "லைட் எரியவில்லை, கரண்ட் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். டெஸ்டர் முனை மண்ணில் நின்றிருக்கும். அதே சர்க்யூட்டில் வேறு லைட்டைப் போட்டு அது எரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊக்கு, கம்பி, ஸ்குரூ டிரைவர், கத்தரிக்கோல் எதையும் ஓட்டைக்குள் விடாதீர்கள். ஈரமண் என்றால் ஒரு நாள் காய விடுங்கள். பிறகு முன் தகட்டைக் கழற்றிச் சாக்கெட்டை வெளியே இழுத்து, முகம் கீழ்ப்பார்க்கக் கவிழ்த்து, ஈர்க்குச்சியால் உதிர்த்துத் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கரைக்கவே கூடாது. இவ்வளவும் செய்து பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை. மண் உள் தகடுகளுக்குள் இறங்கியிருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடுவது நல்லது. அதன் விலை மிகக் கொஞ்சம்.

மாற்றியபின் சும்மா கிடக்கும் எல்லாச் சாக்கெட்டுக்கும், குழந்தைகள் விரல் விடாமல் இருக்க விற்கும் பிளாஸ்டிக் மூடியைச் செருகிவிட்டேன். அதன்பின் எந்தச் சாக்கெட்டிலும் மண் இல்லை.

அறிகுறி: கோடையில் முதல் முறை ஏசி போட்டதும் சுவரில் தண்ணீர் வழிகிறது

கார்த்திகை முதல் மாசி வரை ஓடாத ஏசியின் வடிகுழாய் காய்ந்து கிடக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாய் குளவிக்கு நல்ல மூங்கில் குழல் மாதிரி. ஏசி ஓடத் தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளியே சொட்டாமல் உள் யூனிட்டின் அடியில் வழிந்தால், கேஸ் தீர்ந்ததா என்று யோசிப்பதற்கு முன் குழாயின் வெளி வாயைப் போய்ப் பாருங்கள்.

மண் வாய்ப்பக்கத்திலேயே இருந்தால் குச்சியால் வெளிப்பக்கமாகக் கிள்ளி எடுங்கள். வெளியிலிருந்து காற்றடித்து உள்ளே தள்ளாதீர்கள். கட்டி வளைவில் போய் மாட்டும், அல்லது சுவருக்குள் இணைப்பு கழன்றுவிடும். ஈரத்தை உறிஞ்சும் வேக்கம் கிளீனர் இருந்தால் வெளி வாயில் வைத்து இழுப்பதே சிறந்த வழி. பிறகு உள் யூனிட்டின் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் மெதுவாக விட்டு, வெளியே அதே அளவு வருகிறதா என்று பாருங்கள்.

வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டலாம், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பாசி பிடித்து அந்த வலையே அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்திலும் வாரம் ஒருநாள் கால் மணி நேரம் ஏசியை ஓடவிடுவது இன்னும் எளிது.

அறிகுறி: அடுப்பில் மஞ்சள் சுவாலை, "டப்" சத்தம், குமிழ்ப் பக்கம் தீ

பல மாதம் பயன்படுத்தாத அடுப்பு, அல்லது எப்போதும் பற்றவைக்காத மூன்றாவது பர்னர். பர்னருக்குக் கீழே கேஸும் காற்றும் கலந்து போகும் குழலில் மண்ணோ சிலந்திக்கூடோ இருந்தால், கேஸ் மேலே போக முடியாமல் பின்பக்கம் திரும்பும். உடனே ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள். அடுப்பு ஆறியபின் பர்னரைத் தூக்கிக் குழலை டார்ச் வைத்துப் பாருங்கள். கழற்ற முடிகிற குழல் என்றால் பாட்டில் பிரஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டலாம். குழலின் முனையில் கேஸ் வரும் ஜெட்டை ஊசியால் குத்திப் பெரிதாக்கிவிடாதீர்கள், அது சர்வீஸ் ஆள் வேலை. கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் போடாமல், அணைக்காமல், வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: மோட்டார் பட்டனை அழுத்தினால் பிடிக்கவில்லை, அல்லது உறுமுகிறது

ஸ்டார்ட்டர் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டை அடைபடாமல் இருந்தால் குளவி, எறும்பு, பல்லி எல்லாம் உள்ளே. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் நடுவில் மண் கட்டி இருந்தால் மூன்று பேஸில் ஒன்று தொடாமல் மோட்டார் உறுமும். அப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) கருகிவிடும். உறுமல் கேட்ட நொடியே நிறுத்துங்கள். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு மோட்டார் மெக்கானிக்கை அழையுங்கள். மண்ணை எடுத்தபின் வயர் ஓட்டைகளை ரப்பர் வளையம் போட்டு அடைத்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

மழை பெய்தால் நகர்த்தும் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிந்தால், சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் சிறு வடிகால் துளைகள் மண்ணால் அடைத்திருக்கும், ஈர்க்குச்சி போதும். பூட்டில் சாவி போகாவிட்டால் அமுக்காதீர்கள், சாவி உள்ளே உடையும். பூட்டைக் கவிழ்த்துத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, பிறகு எண்ணெய் விடுங்கள். முதலிலேயே எண்ணெய் விட்டால் மண் குழம்பாகி இறுகும். மாதக்கணக்கில் நின்ற வண்டி கிளம்பாவிட்டால் சைலன்சர் வாயையும் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: துணியிலும் புத்தகத்திலும் கூடு

ஆணியில் தொங்கும் சட்டை, மடித்த திரைச்சீலை, புத்தகத்தின் முதுகு. துணியை உதறாதீர்கள், கூடு உடைந்து உள்ளிருப்பது கறையாகும். காய்ந்த கூட்டைப் பின்பக்கமாக மடக்கினால் பெயர்ந்து வரும். பழைய காலிக் கூட்டையும் உடைகள் அருகில் விட்டுவைக்காதீர்கள். அதில் மிஞ்சிய சிலந்தி ஓடுகளைத் தின்னச் சின்ன வண்டுகள் வரும், அவற்றின் புழுக்கள் பட்டையும் கம்பளியையும் தின்னும். பரணில் இருந்த பட்டுப்புடவையில் நான் கண்ட பொத்தல்களுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அறிகுறி: குளவி அறைக்குள் சுற்றுகிறது

விசிறியை நிறுத்துங்கள், லைட்டை அணையுங்கள், ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும். கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தால் தம்ளரால் மூடி, பின்னால் அட்டையை நுழைத்து வெளியே கொண்டுபோய் விடுங்கள். துண்டால் அடிக்கப் போனால்தான் கொட்டு வாங்குவோம்.

அறிகுறி: எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் திரும்பக் கட்டுகிறது

மருந்து அடிப்பதைப் பலரும் முதலில் யோசிக்கிறார்கள். என் அனுபவத்தில் அதற்குப் பலன் இல்லை. நேரில் பட்டால் தாய் சாகும், காய்ந்த மண்ணுக்குள் இருக்கும் குஞ்சுக்கு மருந்து சேராது, அடுத்த வாரம் வேறு தாய் வரும். மிஞ்சுவது படுக்கையறையிலும் சமையலறையிலும் படிந்த விஷம் மட்டும். மண்ணெண்ணெய் சுவரைக் கெடுக்கும், தீயும் பிடிக்கும்.

அது வருவதற்குக் காரணங்கள் மூன்று: பக்கத்தில் ஈரமண், பிடிக்கச் சிலந்தி, மழை படாத இடம். கொல்லைக் குழாயடியில் எப்போதும் சேறாக இருந்தது. வாஷர் மாற்றி, கீழே ஜல்லி கொட்டினேன். அதிலேயே பாதி குறைந்துவிட்டது. வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிட்டால் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்திக்குக் குளவி வரும். விளக்கைச் சீக்கிரம் அணைத்து, வாரம் ஒருமுறை ஒட்டடை அடியுங்கள். திண்ணையில் பகலில் விசிறி ஓடினால் அந்தக் காற்றில் அதற்குக் கட்டுவது சிரமம். ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் கொசுவலை அடித்தால் வீட்டுக்குள் வரவே வழி இருக்காது. கூட்டை எடுத்தபின் சுவரில் மிஞ்சும் மண் வட்டத்தையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சும்மா கிடக்கும் ஓட்டை. விமானக்காரர்கள் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1996 பிப்ரவரி 6-ம் தேதி டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழல்களில் ஒன்று அடைபட்டிருந்தது. விமானம் ஏறத்தாழ மூன்று வாரம் பறக்காமல் நின்றிருந்தது, அதில் கடைசிச் சில நாள் குழலுக்கு உறை போடவில்லை, மண் குளவிதான் கூடு கட்டியிருக்க வேண்டும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2013 நவம்பரில் ஒரு ஏர்பஸ் ஏ330 கிளம்பிய கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. அதன் குழலைக் குளவி அடைத்தது தரையில் நின்ற இரண்டு மணி நேரத்துக்குள். நம் வீட்டுச் சாக்கெட்டும் ஏசி குழாயும் மாதக்கணக்கில் திறந்து கிடக்கின்றன.

அதனால் வருடத்தில் இரண்டு முறை, போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போதும் பங்குனிக் கடைசியிலும், டார்ச்சோடு ஒரு சுற்று வருகிறேன். எல்லாச் சாக்கெட்டு, ஏசி குழாய் வாய், அடுப்புக் குழல், ஸ்டார்ட்டர் பெட்டி, ஜன்னல் வடிகால், பூட்டு, மேல்தொட்டியின் வழிகுழாய், சாமி படங்களின் முதுகு. நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்பும் அன்றே ரெகுலேட்டரைக் கழற்றி, அடுப்பைத் துணியால் மூடி, சாக்கெட்டுகளுக்கு மூடி போட்டு, ஏசி குழாய் வாயில் வலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.